சென்னையிலிருந்து சிறு குழந்தைகளுடன் ஒரு நாள் உலா: இடம் தேர்வது முதல் வீடு திரும்புவது வரை

இரண்டு வயது முதல் ஏழு வயது வரையிலான குழந்தைகளை அழைத்துக்கொண்டு காலையில் புறப்பட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப விரும்பும் சென்னைக் குடும்பங்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும், ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத்துக்குள், குழந்தைகளுக்கு உண்மையாகவே பொருந்தும் இடங்கள் பல இருக்கின்றன. ஆயினும் ஞாயிறு மாலையில் அந்தச் சாலைகளில் திரும்பும் வண்டிகளைப் பார்த்தால், அழுது ஓய்ந்த குழந்தைகளும் சலித்துப்போன பெற்றோருமே அதிகம் தென்படுகிறார்கள். முதலைப் பண்ணை, தட்சிணசித்ரா, முட்டுக்காடு படகுத் துறை, மாமல்லபுரம் என நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிட முயல்வதே இதற்கு முதற்காரணம். பெரியவர்களுக்கு அது பெட்ரோலை மிச்சப்படுத்தும் திட்டமாகத் தோன்றலாம். மூன்று வயதுக் குழந்தைக்கு அது நான்கு முறை இறங்கி நான்கு முறை ஏறும் அலைச்சல் மட்டுமே. ஒரு நாளுக்கு ஓரிடம் என்பதை மாறாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்படும் எல்லாம் அந்த விதியை ஒட்டியே அமைகின்றன.

முதல் படி: குழந்தையின் பொழுதைக் கணக்கிடுதல்

இடத்தை முடிவு செய்வதற்கு முன் உங்கள் குழந்தையின் வழக்கமான நாளை ஒரு தாளில் எழுதுங்கள். எப்போது எழுகிறது, எப்போது பசிக்கிறது, காலைக்கடன் எப்போது, பகல் உறக்கம் எத்தனை மணிக்கு என்பவை தெரிந்துவிட்டால், அந்த நாளில் உங்களுக்குக் கிடைக்கும் நல்ல நேரம் எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலான மூன்று வயதுக் குழந்தைகளுக்குக் காலை எட்டரை முதல் பன்னிரண்டு வரையே உற்சாகமான பொழுது. அதற்குப் பின் பசியும் தூக்கமும் ஒன்றாக வந்து சேரும். ஆகவே ஒன்பது மணிக்கு இடத்தை அடைந்து, நண்பகலில் கிளம்பி, பகல் உறக்கத்தைத் திரும்பும் பயணத்திலேயே முடித்துவிடுவது இந்த வயதுக்கு ஏற்ற ஒழுங்கு. ஐந்து வயதைக் கடந்து பகல் உறக்கத்தை விட்டுவிட்ட குழந்தைகளோடு பிற்பகல் மூன்று மணி வரை தாராளமாக இருக்கலாம்.

கழிப்பறைப் பயிற்சி நடந்துகொண்டிருக்கும் வாரங்களில் நெடுந்தூர உலாவைத் தள்ளிப்போடுவது நல்லது. பழகாத கழிப்பறையைக் கண்டு அஞ்சிச் சிறுநீரை அடக்கும் குழந்தை, அன்று முழுவதும் எதிலும் மனம் ஒன்றாது.

இரண்டாம் படி: வயதுக்கேற்ற இடத்தைத் தேர்தல்

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வரும் இடம். 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய பூங்கா, பின்னர் இடம் மாறி, 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்டது. இதன் பரப்பு 602 ஹெக்டேர் என்பதை மனத்தில் கொள்ளுங்கள். நான்கு வயதுக் குழந்தையால் நடந்து முடிக்கக்கூடிய பரப்பு அன்று இது. உள்ளே நுழைந்தவுடன் வரைபடப் பலகையின் முன் நின்று, குழந்தை எதைப் பார்க்க மிகவும் ஆசைப்படுகிறது என்று கேட்டு, மூன்று அல்லது நான்கு விலங்குகளை மட்டும் தேர்ந்தெடுத்து, மற்றவற்றை வழியில் கண்டால் போதுமென்று விட்டுவிடுங்கள். பேட்டரி வண்டியில் ஒரு சுற்று வந்துவிட்டு, பிடித்த இடத்துக்கு மட்டும் நடந்து செல்வது நல்ல உத்தி. யானையும் வெள்ளைப்புலியும் புகைப்படத்துக்கு அழகு என்றாலும், சிறு குழந்தைகள் நெடுநேரம் நின்று பார்ப்பது ஓயாமல் தாவும் குரங்குகளையும், உள்ளே சென்று பார்க்கக்கூடிய பறவைக் கூடத்தையும்தான். வெயில் ஏறிய பின் புலியும் சிங்கமும் நிழலில் படுத்துவிடும் என்பதால், பூங்கா திறக்கும் ஒன்பது மணிக்கே வாயிலில் இருப்பது அவசியம். நெகிழிப் பைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. செவ்வாய்க்கிழமை விடுமுறை.

அவ்வளவு பரந்த இடம் வேண்டாமென்று கருதுவோருக்கு வடநெம்மேலியில் உள்ள முதலைப் பண்ணையை முழு மனத்துடன் பரிந்துரைக்கிறேன். நகரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், கடலை ஒட்டிய மரநிழலில் அமைந்திருக்கும் இதனை ராமுலஸ் விட்டேக்கர், ஜாய் விட்டேக்கர் ஆகியோர் 1976-இல் நிறுவினர். மூன்று வயதுக் குழந்தையின் கால்களுக்கு இது மிகச் சரியான அளவு. ஒன்றரை மணி நேரத்தில் நிதானமாகச் சுற்றிவிடலாம். முதலைகள் அசையாமல் வாயைப் பிளந்து கிடப்பதைக் கண்டு, அவை பொம்மைகளா என்று குழந்தைகள் கேட்பார்கள். உடற்சூட்டைச் சீர்செய்துகொள்ளவே அவை வாயைத் திறந்து வைத்திருக்கின்றன என்று சொன்னால், அடுத்த தொட்டியில் எந்த முதலை வாய் திறந்திருக்கிறது என்று தேடத் தொடங்கிவிடுவார்கள். நீண்டு மெலிந்த மூக்கையுடைய கரியாலை மற்ற முதலைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வளர்ந்த ஆண் கரியாலின் மூக்கு நுனியில் குடம் போன்ற புடைப்பு இருக்கும். வளாகத்தில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் நஞ்செடுப்பு நிலையமும் இருக்கிறது. 1978-இல் தொடங்கப்பட்ட அச்சங்கம் சேகரிக்கும் நஞ்சிலிருந்துதான் பாம்புக்கடிக்கான மருந்து உருவாகிறது என்பதை ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பாம்பைக் கண்டால் அடிக்க வேண்டும் என்னும் எண்ணம் அவர்கள் மனத்தில் ஊன்றுவதற்கு முன் இதைக் கேட்பது நல்லது. பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தொட்டிகளின் சுற்றுச்சுவர் மீது குழந்தையை உட்காரவைத்துக் காட்டுவதை எக்காரணத்தாலும் செய்யாதீர்கள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று காட்டுங்கள்.

தாத்தா, பாட்டியும் உடன் வருகிறார்கள் என்றால் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ராவே சிறந்தது. 1996-இல் திறக்கப்பட்ட இவ்வளாகத்தில், தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளின் பழைய வீடுகள் பலவற்றைப் பிரித்தெடுத்து வந்து மீண்டும் எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வணிகர் வீட்டின் முற்றமும், அக்கிரகாரத்துத் திண்ணையும் பெரியவர்கள் அமர்ந்து இளைப்பாற உதவும். குழந்தைகளோ அந்நேரத்தில் ஒவ்வொரு வீட்டின் நிலைப்படியையும் தாண்டித் தாண்டி ஓடுவார்கள். குயவர் சக்கரத்தில் களிமண்ணைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்புதான் இங்குச் சிறுவர்களுக்குப் பெரும் ஈர்ப்பு. கை, கால், சட்டை எல்லாம் மண்ணாகும் என்பதை எதிர்பார்த்து மாற்றுடை கொண்டு செல்லுங்கள். பாட்டி தாம் பிறந்த வீட்டில் அம்மி எங்கிருந்தது, அடுப்பு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று பேரக்குழந்தைக்குச் சொல்லத் தொடங்கினால், அவசரப்படுத்தாமல் அங்கேயே அரை மணி நேரம் இருந்துவிடுங்கள். இங்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

மாமல்லபுரத்தைச் சிறு குழந்தைகளுக்கு ஏற்றதன்று என்று ஒதுக்குவோர் உண்டு. பல்லவர் வரலாற்றையும் ஆண்டுகளையும் சொல்லிக்கொண்டே போனால் அது உண்மைதான். ஆனால் அங்குள்ள சிற்பங்களில் விலங்குகள் நிறைந்திருக்கின்றன என்பதை நினைத்துப் பாருங்கள். அருச்சுனன் தபசு எனப்படும் பெரும் பாறைச் சிற்பத்தில் யானைகளின் காலடியில் குட்டி யானைகள் நிற்கின்றன; பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான் ஒன்று கீழே இருக்கிறது; ஒரு பூனை இரு கைகளையும் உயர்த்தித் தவம் செய்ய, அதன் காலடியில் எலிகள் கூடியிருக்கின்றன. அருகிலுள்ள கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. ஐந்து ரதங்களின் நடுவே ஒற்றைக்கல்லில் செதுக்கிய யானையும் சிங்கமும் நந்தியும் நிற்கின்றன. இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிக்கும் விளையாட்டாக நடத்தினால், ஐந்து வயதுப் பிள்ளை ஒரு முற்பகல் முழுவதும் சலிப்பின்றிச் சுற்றும். போலித் தவம் செய்யும் பூனையின் கதையைச் சிற்பத்தின் முன் நின்றே சொல்லுங்கள். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே நுழைவுச்சீட்டு போதும். 15 வயதுக்கு உட்பட்டோருக்குக் கட்டணம் இல்லை. பதினோரு மணிக்குப் பின் பாறைகள் கொதிக்கும். ஆகவே நிழல் குறைவான ஐந்து ரதங்களை முதலிலும், மரநிழல் உள்ள குன்றுப் பகுதியைப் பிறகும் பாருங்கள்.

வேடந்தாங்கல் ஆறு வயதுக்கு மேற்பட்ட, சற்றே பொறுமை வந்த பிள்ளைகளுக்கான இடம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. பயணம். நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகளின் காலம் என்றாலும், சனவரி, பிப்ரவரி மாதங்களில் கூடுகளில் குஞ்சுகளுக்கு இரையூட்டும் காட்சி கிடைக்கும் என்பதால் குழந்தைகளுக்கு அந்த மாதங்களே சிறந்தவை. ஏரி நீரில் நிற்கும் கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும், கூழைக்கடாவும், கரண்டிவாயனும், பாம்புத்தாராவும் நெருங்கி நெருங்கிக் கூடு கட்டியிருக்கும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அறிந்து, இவ்வூர் மக்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே இப்பறவைகளைக் காத்து வந்திருக்கிறார்கள். சிறுவர்களுக்குத் தொலைநோக்கியில் கண்ணைப் பொருத்தத் தெரியாது. முதல் நாளே வீட்டு மாடியிலிருந்து எதிர்வீட்டுக் காக்கையைப் பார்க்கவைத்துப் பழக்கிவிட்டால், அங்கே போய்த் தடுமாற மாட்டார்கள். மழை பொய்த்து ஏரி வறண்ட ஆண்டில் பறவைகள் வருவதில்லை என்பதால், நீர் இருக்கிறதா என்று விசாரித்த பிறகே புறப்படுங்கள்.

தொலைவு செல்ல இயலாத நாளில் நகருக்குள்ளேயே கிண்டி சிறுவர் பூங்காவும், கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கமும், பெரம்பூர் இணைப்பு ரயில்பெட்டித் தொழிற்சாலையை (ஐ.சி.எஃப்.) ஒட்டிய ரயில் அருங்காட்சியகமும் இருக்கின்றன. ரயில் பித்துப் பிடித்த பிள்ளைகளுக்குக் கடைசியாகச் சொன்னதே போதும். பழைய எஞ்சின்களும் சிறு ரயில் சவாரியும் அவர்களை அங்கிருந்து நகரவிடா.

மூன்றாம் படி: நாளையும் பருவத்தையும் பார்த்தல்

நவம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி வரை, மழை இல்லாத நாள்களே உலாவுக்கு உகந்தவை. கத்திரி வெயில் நாள்களில் திறந்தவெளி இடங்களை முற்றிலும் தவிர்த்து, கோளரங்கம் போன்ற கூரையுள்ள இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காணும் பொங்கலன்று மெரினா, வண்டலூர், மாமல்லபுரம் ஆகிய இடங்களுக்குச் சிறு குழந்தைகளை அழைத்துச் செல்லாதீர்கள். காணாமற்போகும் குழந்தைகளை மீட்க மெரினாவில் காவல்துறையினர் குழந்தைகளின் கையில் தொலைபேசி எண் எழுதிய பட்டை கட்டிவிடும் அளவுக்கு அன்று கூட்டம் திரளும். வாய்ப்பிருந்தால் ஒரு வாரநாளில் விடுப்பு எடுத்துச் செல்லுங்கள். நெரிசலற்ற வாரநாளின் ஒரு மணி நேரம் ஞாயிற்றுக்கிழமையின் மூன்று மணி நேரத்துக்கு நிகர்.

நான்காம் படி: பயணம்

வண்டலூருக்குக் கடற்கரை, செங்கல்பட்டு மார்க்கத்து மின்சார ரயிலே நல்ல வழி. ரயில் பயணமே குழந்தைக்குப் பாதி உலா. ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்குப் பயணச்சீட்டும் தேவையில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை இடங்களுக்கு மாநகரப் பேருந்துகள் இருக்கின்றன. காலையில் நகரிலிருந்து வெளியே செல்லும் பேருந்தில் இடம் எளிதாகக் கிடைத்துவிடும். மாலையில் திரும்பும்போதுதான் நெரிசல்.

காரில் செல்வோர் குழந்தையை முன்னிருக்கையில் மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். திடீரென்று பிரேக் பிடித்தால் எந்தத் தாயின் கைகளாலும் குழந்தையைத் தாங்கிப் பிடிக்க இயலாது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி 14 வயதுக்கு உட்பட்டோருக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ கட்டாயம். இரு சக்கர வாகனத்தில் நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை அழைத்துச் சென்றால், ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் தலைக்கவசமும் அணிவிக்க வேண்டும்; வேகம் மணிக்கு 40 கி.மீ.-ஐத் தாண்டக்கூடாது. 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் இவ்விதியைப் பின்பற்றினாலும், வண்டிகள் விரைந்து பறக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சிறு குழந்தையோடு பைக்கில் செல்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

பயணத்தில் வாந்தி எடுக்கும் குழந்தைக்குக் கைபேசியைக் கொடுத்து அமைதிப்படுத்தாதீர்கள். கண் அசையாத திரையைப் பார்த்திருக்க, உட்செவி வண்டியின் அசைவை உணர்வதால் வரும் முரண்பாடே குமட்டலுக்குக் காரணம். வெளியே தொலைவிலுள்ள மரங்களையும் உப்பளங்களையும் பார்க்கச் செய்யுங்கள். சன்னலைச் சிறிது திறந்துவிடுங்கள். புறப்படும் முன் எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், இரண்டு இட்லி போதும்.

நிறுத்திய காரில் உறங்கும் குழந்தையை விட்டுவிட்டு, ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று எவரும் இறங்கிச் செல்லக்கூடாது. வெயிலில் மூடிய காரின் உட்புறம் பத்தே நிமிடத்தில் 10 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறக்கூடும். சிறு உடல் பெரியவர்களைவிட விரைவாக வெப்பமடையும்.

ஐந்தாம் படி: கட்டுச்சோறும் பையும்

வெளியூர் உணவகத்தில் மதியம் ஒரு மணிக்கு இடம்பிடித்து, காரமில்லாத உணவு வரும்வரை பசித்த குழந்தையைச் சமாளிப்பதைக் காட்டிலும் கட்டுச்சோறு ஆயிரம் மடங்கு மேல். நல்லெண்ணெயில் குழைத்த பருப்புப் பொடி தடவிய இட்லி, எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம் ஆகிய மூன்றும் காலையில் செய்தால் மதியம் வரை கெடா. தயிர்ச்சாதத்தைக் குழைய வடித்த சோற்றில் ஆறிய பாலை நிறைய ஊற்றி, ஒரு கரண்டித் தயிர் மட்டும் சேர்த்துப் பிசைந்து எடுத்துச் செல்லுங்கள். உண்ணும் நேரத்தில் அது புளிக்காமல் பதமாக உறைந்திருக்கும். தேங்காய்ச் சட்னி வெயிலில் விரைவாக ஊசிவிடும் என்பதால் வேண்டாம். வாழைப்பழமும் வெள்ளரித் துண்டும் இடைப்பசிக்கு உதவும். எல்லாவற்றையும் எவர்சில்வர் டப்பாக்களில் வைத்தால் நெகிழித் தடையுள்ள இடங்களில் சிக்கல் இல்லை. வண்டலூரிலும் மாமல்லபுரத்திலும் குரங்குகள் கையிலிருப்பதைப் பறிக்கும். நடந்துகொண்டே தின்பண்டம் கொடுக்காமல், ஓரிடத்தில் அமர்ந்து ஊட்டுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: ஒரு குழந்தைக்கு இரண்டு மாற்றுடை, துண்டு, தொப்பி, குடை, கொசுவிரட்டி, ஈரத்துணி, அழுக்குத் துணிக்கு ஒரு துணிப்பை, மருத்துவர் முன்பே பரிந்துரைத்த காய்ச்சல் மருந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலம். அப்பொட்டலத்தைக் கரைக்க நேர்ந்தால், அதில் குறிப்பிட்டுள்ள அளவு நீரில் முழுவதையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைத் தம்ளரில் போட்டுக் கண்ணளவில் கரைப்பது தவறு. குழந்தை தாகம் என்று சொல்லும் வரை காத்திராமல், அரை மணிக்கு ஒரு முறை நாலு மடக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

ஆறாம் படி: அங்கே சென்ற பின்

வாயிலில் நுழைந்ததும் குழந்தையை நிற்கவைத்துக் கைபேசியில் ஒரு முழுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் அன்று என்ன நிறச் சட்டை போட்டிருந்தது என்பதே பெற்றோருக்கு மறந்துவிடும். இந்தப் படம் அப்போது கைகொடுக்கும். உங்கள் கைபேசி எண்ணைக் குழந்தையின் முன்கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். "அம்மா பெயர் என்ன?" என்று கேட்டால் "அம்மா" என்றே சொல்லும் வயதில், பெற்றோரின் முழுப்பெயரைப் பாட்டுப் போலச் சொல்லிப் பழக்குவது அவசியம். வழி தவறினால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், சீருடை அணிந்தவரிடமோ குழந்தையோடு இருக்கும் ஒரு அம்மாவிடமோ சொல்ல வேண்டும் என்று முன்னதாகவே கற்றுக்கொடுங்கள். தேட நேர்ந்தால் உடனே வாயிற்காவலரிடம் தெரிவித்துவிட்டு, 112 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

இரண்டு பெரியவர்கள் சென்றால், எந்நேரத்தில் யார் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார் என்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். "நீ பாத்துக்கறன்னு நெனச்சேன்" என்னும் ஒரு சொல்லில்தான் பெரும்பாலான விபத்துகள் தொடங்குகின்றன.

கடலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாமல்லபுரம் உட்பட இக்கரையோரத்தில் அலையின் கீழ் இழுப்பு மிகக் கடுமையானது. கணுக்காலுக்கு மேல் நீர் வரும் இடத்துக்குக் குழந்தையை அழைத்துச் செல்லாதீர்கள். அலை நனைக்கும் மணலில் நிற்கும்போதும் கையைப் பிடித்தபடியே நில்லுங்கள். கடற்கரையில் விளையாடுவதே அன்றைய நோக்கம் என்றால் கோவளத்துக்குச் செல்லுங்கள். தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்கு வழங்கப்படும் நீலக்கொடிச் சான்றை 2021-இல் பெற்ற அக்கடற்கரைப் பகுதியில் கழிப்பறையும், குளியலறையும், உயிர்காப்போரும் இருக்கிறார்கள். முட்டுக்காட்டில் படகேறினால் குழந்தையின் உடலுக்குப் பொருந்தும் அளவில் மிதவை அங்கி இருந்தால் மட்டுமே ஏறுங்கள். தொளதொளவென்று இருக்கும் பெரியவர் அங்கி நீரில் கழன்றுவிடும்.

மற்றபடி, குழந்தை எதில் நிற்கிறதோ அதில் நீங்களும் நில்லுங்கள். காசு கொடுத்துப் புலியைக் காட்ட அழைத்து வந்த குழந்தை, வழியில் ஊரும் எறும்பு வரிசையை இருபது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த இருபது நிமிடமும் உலாவின் பகுதியே. "சீக்கிரம் வா, இன்னும் எவ்வளவோ இருக்கு" என்னும் சொல்லை அன்று ஒரு நாள் மட்டும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.

ஏழாம் படி: திரும்புதல்

குழந்தை களைத்துச் சிணுங்கத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே கிளம்ப வேண்டும். அதற்கான அடையாளங்கள் உங்களுக்குத் தெரிந்தவையே: கண்ணைக் கசக்குதல், தூக்கச் சொல்லுதல், சிறு விஷயத்துக்கும் மறுப்பு. "இன்னும் ஒரே ஒரு விலங்கு பார்த்துவிட்டுப் போகலாம்" என்று முன்பே சொல்லி, அது எது என்பதைக் குழந்தையையே தேர்ந்தெடுக்கவிட்டால் வாயிலில் அழுகை குறையும். ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நகரை நோக்கிய நெரிசல் கூடிவிடும் என்பதால், அதற்குள் வீடு சேர்ந்துவிடுங்கள். வெந்நீர்க் குளியல், ரசம் சாதம், வழக்கத்தைவிடச் சற்று முன்னதாக உறக்கம். அன்றைக்கு இவ்வளவு போதும்.

சில மாதங்கள் கழித்து அதே இடத்துக்கு மீண்டும் செல்லத் தயங்காதீர்கள். பெரியவர்களுக்குப் பார்த்த இடம் பழையது. குழந்தைகளுக்கோ முன்பு கண்ட முதலையை மறுபடி அடையாளம் காண்பதில் தனி மகிழ்ச்சி. இரண்டாம் முறை வண்டலூருக்குச் சென்றால் முதல் முறை போகாத பக்கத்திலிருந்து தொடங்குங்கள். வரைபடப் பலகையின் முன் நின்று வழி சொல்லும் பொறுப்பைக் குழந்தையிடமே கொடுத்துவிடலாம்.